கப்பலில் வந்தோம், காரில் போவோம்

கோப்பெங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மாமியாருக்கு 80 வயது தாண்டிவிட்டது. ஏழெட்டு வயதில் தாய் தகப்பனோடு ‘ரஜூலா’ கப்பலேறி வந்து பினாங்கில் இறங்கியவர். தடுப்பு முகாமில் சில நாள் இருந்தபின், பிறையிலிருந்து ரயிலேற்றி நேராகத் தோட்டத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பிறகு பால்மரம், அதற்குப் பிறகு செம்பனை, தோட்டம் கைமாறி லயங்கள் இடிபட்ட பின் தாமானில் மகன் வீடு. இத்தனை வருடத்தில் அந்த அம்மாள் கடலை மறுபடி ஒருமுறைகூடப் பார்க்கவில்லையாம். “சாவதற்குள் நான் வந்த கடலை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அத்தை சொல்கிறார். வீட்டில் ஒரு பழைய சாகா கார் இருக்கிறது. ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? பெட்ரோல் காசுக்குத் தகுந்த பயணமாக இருக்குமா?” என்று கேட்டிருக்கிறார்.

முடியும், சகோதரி. காசுக்குத் தகுந்ததாகவும் இருக்கும். கோப்பெங்கிலிருந்து கடல் ஒன்றரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. கெந்திங் மலைக்குப் பஸ் பிடிக்கிறோம். தைப்பூசத்துக்குப் பத்துமலை வரை போகிறோம். அதில் பாதித் தூரம்கூட இல்லாத நம் சொந்த மாநிலத்துக் கடற்கரையை மட்டும் ஏனோ அந்நிய நாடு போல விட்டுவைத்திருக்கிறோம்.

அந்நிய நாட்டார் அப்படி விடுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டி நடைபெறுவதுண்டு. 1990-இல் தொடங்கிய போட்டி அது. கிள்ளான் துறைமுகப் பக்கமிருந்து புறப்படும் படகுகள் முதலில் பங்கோர், அடுத்து பினாங்கு, கடைசியாக லங்காவி என்று கட்டங்கட்டமாகப் போகும். முதல் கட்டம் மட்டும் ஏறத்தாழ 90 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். பாய்மரப் படகு நல்ல காற்றில் மணிக்கு ஐந்தாறு கடல் மைல் போனாலே பெரிது. அதாவது நம் பெரியவர்கள் பால்வாளியை மாட்டிக்கொண்டு மிதித்த சைக்கிளின் வேகம். இரவு முழுவதும் ஓட்டினால்தான் கிள்ளானிலிருந்து பங்கோர் வந்து சேரலாம்.

போட்டிக்காரர்களை விடுங்கள். ஆண்டு முழுவதும் மலாக்கா நீரிணையில் மேலும் கீழுமாகப் போய்வரும் வெளிநாட்டுப் படகுக் குடும்பங்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் இரவில் ஓட்ட விரும்புவதில்லை. இரவில் மீனவர்களின் வலை தெரியாது; மாட்டிக்கொண்டால் படகின் விசிறி சுற்றி நின்றுவிடும். ஒரு பக்கம் சுமாத்திரா, மறு பக்கம் நம் நடுமலைத்தொடர். இரண்டும் காற்றை மறைப்பதால் நீரிணையில் பல நாள் பாய் தொங்கிப்போய்க் கிடக்கும். தென்மேற்குப் பருவத்திலோ, விடியற்காலையில் சுமாத்திராப் பக்கமிருந்து கருமேகம் எழும்பி, அரை மணி நேரத்தில் பேய்க்காற்றும் மழையுமாக அடித்துவிட்டுப் போகும். கடலோடிகள் அந்தக் காற்றுக்கே ‘சுமாத்திரா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே பகலில் ஓட்டி, மாலையில் ஏதாவதொரு துறையில் நங்கூரம் போட்டு, அலுப்புத் தீரச் சில நாள் தங்கி, மறுபடி புறப்படுவார்கள். அப்படித் தங்கும் துறைகளில் ஒன்றுதான் நம் லுமுட்.

கடலில் வந்தவர்கள் கடலோர ஊர்களைக் கடலிலிருந்தே பார்த்துவிடலாமே என்று நினைப்பீர்கள். பேராக் கரையில் அது நடக்காது. பங்கோர், லுமுட் பக்கம் மணற்கரை உண்டே தவிர, மற்ற இடங்களில் பெரும்பாலும் சேறும் சதுப்புக்காடும்தான். வற்றம் வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு தெரியும். ஆழமில்லாத அந்த நீரில் அடிக்கட்டை நீண்ட பாய்மரப் படகு தரைதட்டிவிடும். ஊர்களும் கடல் முகத்தில் இல்லாமல் ஆற்று வாயிலுக்கு உள்ளே தள்ளி ஒளிந்திருக்கின்றன. அதனால் படகை லுமுட்டில் கட்டிவிட்டு, ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினால்தான் இந்தக் கரையைப் பார்க்க முடியும். உலகத்தைச் சுற்ற வந்தவனுக்கும் கடைசியில் கார்தான் வேண்டியிருக்கிறது! அவனிடமில்லாத ஒன்று நம்மிடம் உண்டு. வாடகை கொடுக்காத கார், வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

இனி வழியைச் சொல்கிறேன்.

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா சாலையில் திரும்பினால் கெல்லி மாளிகை. அதைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகளே பாடம் நடத்துவார்கள், நிற்க வேண்டாம். பத்து காஜா, சிபுத்தே கடந்து லுமுட் பெருஞ்சாலையைப் பிடித்தால் ஸ்ரீ இஸ்கண்டார் வரும். 1997 முதல் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம் இயங்கும் ஊர். அடுத்து போத்தா. இங்கே பாலத்தின் மேல் காரை மெல்ல ஓட்டச் சொல்லுங்கள். கீழே ஓடுவது பேராக் ஆறு. வடக்கே மலையில் பிறந்து, கோலகங்சாரைத் தொட்டு, இந்தப் பாலத்துக்கடியில் நுழைந்து, தெலுக் இந்தான் வழியாகப் பாகான் டத்தோவில் கடலோடு கலக்கும் ஆறு. தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீளம் இதற்குத்தான். போத்தாவுக்குக் கீழே ஆற்றங்கரையில் பாசிர் சாலாக் என்றொரு கம்பம் இருக்கிறது. 1875 நவம்பர் 2-ஆம் நாள் பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான பிர்ச் துரை கொல்லப்பட்ட இடம் அது.

பிர்ச் துரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு, லுமுட் போய்ச் சேர்ந்ததும் சொல்கிறேன்.

ஆயர் தாவார், சித்தியவான் பக்கமெல்லாம் நம் மக்கள் நிறைய உண்டு. சித்தியவானில் 1903-இல் சீனாவிலிருந்து வந்த ஃபூச்சாவ் கிறிஸ்தவர்கள் குடியேறினார்கள். அவர்கள் அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுடும் ‘கோங் பியா’ ரொட்டி இன்றைக்கும் பேர்போனது. சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும். ஆறினால் பல்லுக்கு வேலை. உள்ளே பன்றியிறைச்சி வைத்ததும் உண்டு என்பதால் கேட்டு வாங்குங்கள்.

லுமுட் என்றால் மலாயில் பாசி. இன்று அது கடற்படை ஊர். அரச மலேசியக் கடற்படையின் பெரிய தளம் இங்கேதான் இருக்கிறது. படகுத்துறையோரம் நடைபாதையும் நிழலும் உண்டு. வயதானவர்களை அங்கே உட்கார வைத்துவிட்டால் பாய்மரப் படகுகளும் மீன்படகுகளும் பங்கோர் ஃபெர்ரியும் கண்ணுக்கெதிரே போய்வரும். கடலில் இறங்கி விளையாட வேண்டிய பிள்ளைகளுக்குச் சில கிலோமீட்டர் தள்ளித் தெலுக் பாத்தேக் கடற்கரை.

காரை லுமுட்டில் நிறுத்திவிட்டு ஃபெர்ரி ஏற வேண்டும். பங்கோருக்கு அரை மணி நேரம், சில வேளை கொஞ்சம் கூடுதல். கப்பலில் வந்த அந்த அம்மாளை இந்த ஃபெர்ரியில் அவசியம் ஏற்றுங்கள் என்பேன். கடலைக் கரையிலிருந்து பார்ப்பது வேறு. காலுக்கடியில் இயந்திரம் அதிர, உப்புக்காற்று முகத்தில் அடிக்கப் போவது வேறு. ரஜூலா 1926-இல் கட்டப்பட்ட கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. 5,000-க்கும் மேற்பட்ட மேல்தட்டுப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. பாயை விரித்த இடம்தான் வீடு. பினாங்கில் இறங்கியவர்களில் பலரை ஜெரஜாக் தீவுத் தடுப்பு முகாமில் வைத்திருந்துதான் வெளியே விட்டார்கள். பினாங்கில் இறங்காமல் போர்ட் சுவெட்டன்ஹாம் வரை போனவர்களின் கப்பல், இதே பங்கோருக்கு அப்பாலுள்ள கடலைத்தான் கடந்து போயிருக்கிறது. ஆகவே ‘வந்த கடல்’ பினாங்கில்தான் இருக்கிறது என்றில்லை. விடுமுறை நாளில் வயதானவரைப் பினாங்கு நெரிசலில் அலைக்கழிப்பதைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது பிர்ச் துரை விஷயம். 1874 ஜனவரி 20-ஆம் நாள், பங்கோருக்கு அருகே ‘புளூட்டோ’ என்ற அரசாங்க நீராவிக் கப்பலில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ராஜா அப்துல்லாவைப் பேராக் சுல்தானாக ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்டார்கள்; அதற்கு ஈடாக, ரெசிடெண்ட் என்ற ஆலோசகர் ஒருவரை அவர் ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. மதமும் மலாய் வழக்கங்களும் தவிர மற்றவற்றிலெல்லாம் அவர் பேச்சைக் கேட்டாக வேண்டும். அப்படி வந்த முதல் ஆள் பிர்ச், ஓராண்டிலேயே முடிந்தார். பின்னால் வந்த ஹியூ லோ என்பவர் பொறுமைசாலி. தோட்டக்கலையில் பித்துப் பிடித்தவர். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் சிலவற்றைக் கொண்டுவந்து கோலகங்சாரில் தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டார். அந்தப் பழங்காலத்து மரங்களில் ஒன்று இன்றும் கோலகங்சாரில் வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. பங்கோர்க் கடலில் கையெழுத்து விழுந்தது, ரெசிடெண்ட் வந்தார், அவர் தோட்டத்தில் கன்று வந்தது, கன்று காடானது, காட்டை வெட்டிப் பால் எடுக்க நம் பாட்டன் பூட்டன் வந்தார்கள். ஃபெர்ரியில் போகும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டே போனால் நேரமும் போகும், விஷயமும் ஏறும்.

பங்கோரில் பார்க்க வேண்டியவை பல. இளஞ்சிவப்பு நிற வேன்கள் தீவைச் சுற்றிக் காட்டும். ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்து நிற்கும் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்தை முதலில் தரிசிப்பது நம்மவர் வழக்கம். மாசி மகத்தன்று பல ஊர்களிலிருந்தும் பக்தர்கள் ஃபெர்ரி ஃபெர்ரியாக வந்து குவிவார்கள். அன்று போனால் சாமியைப் பார்க்கலாம், தீவைப் பார்க்க முடியாது. தெலுக் கெடோங்கில் 1670 வாக்கில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் சுவர்கள் நிற்கின்றன, 1973-இல் செப்பனிட்டிருக்கிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து இந்தத் தீவில் ஏன் கோட்டை கட்டினான்? பேராக்கின் ஈயத்தைச் சேமித்து வைக்கத்தான். ஈய லம்பங்களுக்கு நடுவே வளர்ந்த கோப்பெங் மக்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

கருவாட்டு வாசனைக்கு முகம் சுளிக்காதவர்கள் நெத்திலி காய வைக்கும் இடத்தைப் பாருங்கள். பிடித்த நெத்திலியைப் படகிலேயே உப்பு நீரில் அவித்துவிடுகிறார்கள். கரைக்கு வந்ததும் உலர்த்தித் தலை கிள்ளித் தரம் பிரிக்கிறார்கள். பால் வெட்டியவுடன் உறையுமுன் ஸ்டோருக்கு ஓடியவர்களுக்கு, மீனும் பாலைப் போல நேரம் பார்க்கும் பண்டம் என்பது தெரியும். சாத்தே மீன் பொட்டலம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 2020 முதல் பங்கோர் தீர்வையற்ற தீவு என்பதால் சில பெரியவர்களுக்கு வேறு பொட்டலங்களும் பிடிக்கலாம். அதை அந்தந்த வீட்டு அம்மாமார் பார்த்துக்கொள்வார்களாக.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் தெற்கே போகலாம். கம்பார், தாப்பா, பீடோர் வழியாகத் தெலுக் இந்தான். 1982 வரை தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்ட ஊர். சாய்ந்த கோபுரம் 1885-இல் லியோங் சூன் சியோங் என்ற குத்தகைக்காரர் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி, உள்ளே ஏறினால் மூன்றுதான். உச்சியில் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள்; அடியில் மண் இளகியது; பாரம் தாங்காமல் சாய்ந்தது. படம் பிடித்துக்கொண்டு பலர் திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்வது, ஆற்றங்கரைக்கும் நடந்து போய்ப் பாருங்கள் என்பதே. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் ஆற்றுப் படகுகளில் ஏறி இந்தத் துறைக்குத்தான் வந்தது. 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு ரயில் பாதை போட்டபின் ரயிலில் வந்தது. இங்கே இருந்துதான் கப்பலேறியது. ரயிலும் நின்றுபோய், துறைமுகமும் ஓய்ந்துபோய், இன்று ஆறு மட்டும் அகலமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

போர்க்காலம் கண்டவர்களின் பிள்ளைகள் இன்னும் நம்மிடையே உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை பிரிட்டிஷ், பஞ்சாபி, கூர்க்காப் படைகள் ஜப்பானியரைக் குன்றின் மேலிருந்து தடுத்து நின்றார்கள். மலாயாப் போரில் ஜப்பானியர் அவ்வளவு அடி வாங்கிய இடங்கள் குறைவு. நேருக்கு நேர் முடியாமற்போகவே, அவர்கள் படகுகளில் வேறு ஆட்களை அனுப்பினார்கள். கடல் வழியாகச் சிலர், பேராக் ஆற்று வழியாகச் சிலர். ஜனவரி முதல் தேதி ஊத்தான் மெலிந்தாங் பக்கம் இறங்கினார்கள். மறுநாள் தெலுக் ஆன்சன் அவர்கள் கையில். முதுகுப் பக்கம் ஆபத்து வந்ததும் கம்பாரை விட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று. பெரிய சாலையைக் காத்தவர்கள் கடலைக் காக்கவில்லை. கோப்பெங்கிலிருந்து தெலுக் இந்தானுக்குக் காரில் போகும்போது அந்தப் போரின் இரண்டு முனைகளையும் ஒரே காலைப் பொழுதில் கடந்துவிடுகிறோம்.

தெலுக் இந்தானுக்கு அப்பால் ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ. சாலையின் இரு பக்கமும் செம்பனை, பிறகு தென்னை, தென்னை, மேலும் தென்னை. ஜெண்டராத்தாத் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான். டென்மார்க்கிலிருந்து வந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்பவர் 1906-இல் தொடங்கியது. செம்பனைக் குலையைக் குறுகிய தண்டவாளத்தில் ஓடும் சிறு ரயிலில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகும் தோட்டம் என்று அதற்குப் பெயர். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பள்ளி ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம் என்று சிதறிப்போன கதையை நாம் அறிவோம். இந்தக் கடலோரப் பகுதியில் தோட்டமும் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் ஒன்றாக இருக்கும் இடங்களை இன்னும் காணலாம். பழைய லயத்து வாழ்க்கை எப்படியிருந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், வாயால் சொல்வதைவிட இந்தப் பக்கம் ஒருமுறை அழைத்து வருவது சுலபம். பாகான் டத்தோவில் ஆற்று முகம் கடலாகவே விரிந்துவிடும். எது ஆறு, எது கடல் என்று பிள்ளைகளிடையே பந்தயமே நடக்கும். 2017 முதல் அது தனி மாவட்டம்.

மூன்றாவது ஊர் வடக்கே இருக்கிறது. மூன்றில் என் மனத்துக்கு நெருக்கமானது இதுதான். ஈப்போ வழியாகத் தைப்பிங் போய், அங்கிருந்து மாத்தாங் தாண்டினால் கோல செபெத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட்; நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராயிருந்த வெல்ட் துரையின் பெயர். கடைத்தெருவில் ஒரு காப்பிக்கடை அருகே பழைய ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகை நிற்கும். தண்டவாளம் இல்லை, வண்டி இல்லை, மேடையும் இல்லை. பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என்று நான்கு எழுத்துகளிலும் ஊரின் பெயர் இருக்கிறது.

தமிழ் அங்கே சும்மா ஏறி உட்காரவில்லை. மலாய்த் தீபகற்பத்தின் முதல் ரயில் பாதை இதுதான். தைப்பிங்கிலிருந்து இந்தத் துறை வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர். 1885 ஜூன் முதல் தேதி திறக்கப்பட்டது. லாருட் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோவது நோக்கம். சதுப்பு நிலத்தில் பாதை போடுவதற்கு இலங்கையிலிருந்து பயனியர் படைப் பிரிவுகளைக் கொண்டுவந்தார்கள். அப்படையில் உழைத்தவர்களில் தமிழர்கள் இருந்தார்கள். ரப்பர் இந்த நாட்டில் பெருந்தொழிலாவதற்கு முன்பே, கிரியான் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களிலும் நம்மவர் கூலியாக இருந்தார்கள். நாம் பால்மரத்தோடு வந்தவர்கள் என்றே பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மரத்துக்கு முன்பே கரும்பு, கரும்போடு ரயில் என்று சொல்லிக் காட்ட இந்தப் பலகை போதும். பாட்டி தமிழ் எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பேரன் ஆங்கிலத்தைப் படித்துவிட்டு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனையும் தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்க வையுங்கள்.

ஊரைச் சுற்றி மாத்தாங் சதுப்புக்காடு. ஏறத்தாழ 40,000 ஹெக்டேர்; 1902 முதல் வனத்துறைத் திட்டப்படி பராமரிக்கப்பட்டு வருகிறது. காட்டைப் பங்கு பங்காகப் பிரித்து, வெட்டிய பங்கில் மறுபடி மரம் வளர 30 ஆண்டு விடுகிறார்கள். இடையில் நெருக்கமாக நிற்பவற்றைக் களைந்து கழியாக விற்கிறார்கள். வெட்டிக்கொண்டே இருந்தும் காடு காடாகவே இருப்பது இந்தக் கணக்கினால்தான். மரமெல்லாம் கரிச்சூளைக்குப் போகிறது. செங்கல்லால் குடை கவிழ்த்தது போல் கட்டிய பெரிய பெரிய சூளைகள். பட்டை உரித்த பாக்காவ் கட்டைகளை உள்ளே நிற்க வைத்து, வாயில் தீ மூட்டி, பிறகு வாயை அடைத்து, ஆறவிட்டுத் திறக்க ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். கட்டை நேராக எரிவதில்லை. சூட்டில் அதிலுள்ள ஈரம் வெளியேறிக் கரியாகிறது. எந்த நாளில் வாயை அடைக்க வேண்டும் என்பதைப் புகையின் வாடையைக் கொண்டே அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். தோட்டத்து ஸ்டோரில் ஷீட் ரப்பருக்குப் புகை போட்டுப் பழகிய பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், அவரைக் கட்டாயம் இங்கே அழைத்து வாருங்கள். சூளைக்காரரும் அவரும் பேசத் தொடங்கினால் நீங்கள் மீ ஊடாங் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பேச்சு முடிந்திருக்காது. மீ ஊடாங் இந்த ஊரின் சிறப்பு. இறால் பெரிதாக இருக்கும், காரம் அதைவிடப் பெரிதாக இருக்கும். இருட்டிய பின் படகில் மின்மினி பார்க்கப் போகிறவர்கள் உண்டு. ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுக்காத படகில் ஏறாதீர்கள். “அரை மணி நேரம்தானே” என்பார்கள். அந்த அரை மணியில்தான் ஆபத்து வரும்.

சில நடைமுறைச் செய்திகள். கடல் ஏற்றம் வற்றம் பார்த்துப் புறப்படுவது நல்லது. இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் 2 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றத்தில் போனால் கோல செபெத்தாங்கிலும் பாகான் டத்தோவிலும் சேற்றைப் பார்த்துவிட்டு வருவீர்கள். ஏற்றத்தில் போனால் தண்ணீர். அமாவாசை, பௌர்ணமி எந்த நாளில் என்று தெரிய வீட்டுப் பஞ்சாங்கம் போதும். அன்றைய ஏற்ற நேரத்தை ஃபெர்ரித் துறையில் விசாரித்துக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு ஃபெர்ரியில் ஏறி இறங்கும் இடம்தான் சிரமம். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நின்று கைப்பிடித்து இறக்குங்கள். வெயில் ஏறுமுன் முதல் ஃபெர்ரிகளிலேயே போய்விடுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைக் காரில் விட்டுவிட்டுத் தீவுக்குப் போவது நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கிறது. இடுப்பில் கட்டும் பையிலேயே வைத்துவிடுங்கள். புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போனால் மதியச் செலவு மிச்சம். மாலையில் மீனுக்குக் கொஞ்சம் தாராளமாகவே செலவழிக்கலாம். கார் பழையது என்றால் போகும் முன் ரேடியேட்டர் தண்ணீரையும் உதிரி டயரையும் பாருங்கள். உப்புக்காற்றில் நின்ற காரை வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில், அடிப்பக்கமும் சேர்த்து, கழுவிவிட வேண்டும்.

கப்பலில் வந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள். எந்த வருடம், எந்தக் கப்பல், எந்தத் துறையில் இறங்கினார்கள், முதல் தோட்டம் எது என்ற நான்கு விவரங்களையும் அவர்களிடம் கேட்டு எழுதியனுப்பினால், வரும் இதழ்களில் ஊர்வாரியாக வெளியிட எண்ணம். பெரியவர் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் இன்னும் நன்றாக ஞாபகம் வரும்.